ஆன் பண்ணிடாதீங்க! - 40 வயது 'கமோடோர் 64' கம்ப்யூட்டரை எழுப்பும் ரிப்பேர் பிரியர்கள்

பரணில் ஒரு பழைய டேபிள் ஃபேன் கிடைத்தால் என்ன செய்வோம்? தூசி தட்டி, ப்ளக்கில் செருகி, ஓடுகிறதா என்று பார்ப்போம். நாற்பது வருடப் பழைய கம்ப்யூட்டர் கிடைத்தாலும் கை அதற்குத்தான் துறுதுறுக்கும். ஆனால், பழைய ஹோம் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில்தான் கையைப் பிடித்துத் தடுப்பார்கள். பரணில் இத்தனை வருடம் பத்திரமாகத் தூங்கிய மெஷின், ஆசையாக ஆன் செய்த சில நிமிடங்களில் நிரந்தரமாகச் செத்துப்போக வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பொழுதுபோக்கின் செல்லப்பிள்ளை 'கமோடோர் 64'. 1982 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 595 டாலர். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. வீட்டு டிவியில் இணைத்தால் போதும். பழுப்பு நிறத்தில் தடித்த உருவம் என்பதால் ஜெர்மனியில் இதற்கு 'ரொட்டிப் பெட்டி' என்றே பட்டப்பெயர். மெமரி 64 கேபி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோகூட அதில் அடங்காது. ஆனாலும் 1994-ல் நிறுவனம் திவாலாகும் வரை, ஒரு கோடிக்கும் அதிகமாக விற்றது.

இதை உருவாக்கிய நிறுவனத்தின் தொடக்கமே ஒரு ரிப்பேர் கதைதான். நிறுவனர் ஜாக் ட்ராமியெல் போலந்தில் பிறந்த யூதர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் பிழைத்தவர். போருக்குப் பின் அமெரிக்கா வந்து, ராணுவத்தில் சேர்ந்து, டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டார். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் டைப்ரைட்டர் கடை போட்டார். கமோடோர் என்ற பெயர் அந்தத் தொழிலில் வந்ததுதான். சாமானியனும் வாங்கும் விலையில் கம்ப்யூட்டர் விற்க வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதக்காரர். செலவைச் சுருக்குவதிலும் அப்படியே. அந்தச் சிக்கனம் எங்கே போய் இடிக்கிறது என்பது, மெஷினோடு வரும் பவர் சப்ளையைப் பார்த்தால் தெரியும்.

செங்கல் வடிவில் ஒரு வில்லன்

செங்கல் போலக் கனமான பெட்டி அது. 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி என இரண்டு விதமாக மின்சாரம் தரும். பல மாடல்களில் உள்ளே பிசினை ஊற்றி இறுக்கி மூடியிருப்பார்கள். அதனால் சூடு வெளியே போகாது. திறந்து பழுது பார்க்கவும் முடியாது. வருடங்கள் ஓட ஓட, 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ரெகுலேட்டர் தளர்ந்துவிடுகிறது.

அடாப்டர் பேசாமல் செத்துப்போனால் பரவாயில்லை. சாகாமல், கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகக் கொடுப்பதுதான் பிரச்னை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 6, 7 என்று ஏறினால் மெமரி சிப்கள் முதலில் பலியாகும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக 5 காட்டியது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, சூடேறிய பிறகு எகிறும் அடாப்டர்களும் உண்டு. அதனால் அனுபவசாலிகள் பழைய செங்கலைச் சோதிப்பதுகூட இல்லை. ஓரமாக வைத்துவிட்டுப் புதிய பவர் சப்ளை வாங்குகிறார்கள். பழையதுதான் வேண்டும் என்பவர்கள், வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பாதுகாப்பு சர்க்யூட்டை நடுவில் மாட்டுகிறார்கள். சில டாலர் செலவில் மொத்த மெஷினுக்கும் காப்பீடு!

இந்த விஷயத்தில் கமோடோர் மட்டும் குற்றவாளி அல்ல. அதே காலத்து பிரிட்டிஷ் கம்ப்யூட்டரான 'பிபிசி மைக்ரோ'வின் பவர் சப்ளைக்குள் இருக்கும் சில கண்டென்சர்கள் வயதாகி, மேலுறை வெடித்து, உள்ளே ஈரம் இறங்கிவிடும். பல வருடம் கழித்து ஆன் செய்தால் 'டப்' என்று வெடித்து அறை முழுக்கப் புகை கிளப்பும். 1984-ல் இந்தியப் பள்ளிகளுக்கு 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் வந்தது இந்த பிபிசி மைக்ரோதான். ஆகவே, ஏதேனும் பள்ளி ஸ்டோர் ரூமில் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே ஸ்விட்ச் பக்கம் போக வேண்டாம்.

கறுப்புத் திரையில் துப்பறிதல்

நல்ல பவர் சப்ளை மாட்டியாகிவிட்டது. ஆன் செய்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. டிவியில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு. கமோடோர் 64-ல் அதிகம் எதிர்கொள்ளும் நோய் இதுதான். சிக்கல் என்னவென்றால், பிராசஸர், மெமரி, ரோம், படம் காட்டும் சிப் என்று யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் திரை கறுப்பாகவே இருக்கும். எல்லா வியாதிக்கும் ஒரே அறிகுறி!

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம், விரல் போதும். ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு சிப்பையும் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார்கள். படம் காட்டும் சிப் எப்போதுமே நன்றாகச் சுடும். அது இயல்பு. மெமரி சிப் விரலைச் சுட்டால் சந்தேகமே இல்லை, அதுதான் ஆள். அடுத்த சந்தேகம் பிஎல்ஏ என்ற சிப் மீது. எந்த நேரத்தில் யார் பேச வேண்டும் என்று மற்ற சிப்களுக்குக் கைகாட்டும் டிராஃபிக் போலீஸ் அது. சூட்டில் உழைத்து உழைத்துச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நல்லவேளையாக, பிஎல்ஏவுக்குப் புதிதாகத் தயாரித்த மாற்றுகள் கிடைக்கின்றன.

மெமரி சமாசாரம் இன்னும் சுவாரஸ்யம். இதில் எட்டு மெமரி சிப்கள் உள்ளன. ஒரு எழுத்தைச் சேமிக்க எட்டு பிட் தேவை. ஆளுக்கு ஒன்றாக எட்டு சிப்பும் பிரித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு சிப் போனாலும் 64 கேபி-யில் ஒரு எழுத்துகூட உருப்படியாக இருக்காது. எந்த சிப் போனது என்று கண்டுபிடிக்க, 'டெட் டெஸ்ட்' என்ற கார்ட்ரிட்ஜைப் பின்பக்கம் செருகுகிறார்கள். மெமரியில் கோளாறு என்றால் திரை பளிச் பளிச்சென்று மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால், எட்டில் எந்த சிப் என்று தெரிந்துவிடும். கார்ட்ரிட்ஜ் இல்லாதவர்கள், நல்ல சிப் ஒன்றைச் சந்தேக சிப்பின் தலைமேல் உப்புமூட்டை ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. எல்லா நேரமும் பலிக்காத வித்தை; பலித்தால் அரை நாள் மிச்சம்.

கண்டுபிடிப்பதைவிடக் கழற்றுவது கடினம். சிப்புக்குப் பதினாறு கால்கள். அத்தனையும் போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் அதிக நேரம் வைத்தால், நாற்பது வயது போர்டின் செம்புக் கோடுகள் தோலுரிந்து வந்துவிடும். செத்த சிப்பை மாற்றப்போய் போர்டையே காலி செய்தவர்கள் நிறைய. அதனால் புதியவர்களுக்குச் சொல்லும் வழி இது: செத்த சிப்பின் கால்களைக் கட்டரால் நறுக்கிவிட்டு, உடம்பை அப்புறப்படுத்தி, பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவ வேண்டும். அந்த இடத்தில் சாக்கெட் வைத்துவிட்டால் அடுத்த முறை ஈயமே தேவைப்படாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய பெட்டி டிவியை மட்டும் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மாற்று இல்லாத ஒன்று

மெமரி கிடைக்கும், பிஎல்ஏ கிடைக்கும். ரிப்பேர் பிரியர்களுக்கு நிஜமாகவே பயம் தருவது 'சிட்' என்ற ஒலி சிப். பாப் யானஸ் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்தது. பின்னாளில் சின்தசைஸர் தயாரிக்கும் 'என்சானிக்' நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஒரே நேரத்தில் மூன்று குரலில் பாடும் இந்த சிப்பின் ஃபில்டர் பகுதி அனலாக் என்பதால், ஒரே மாடல் சிப் இரண்டை எடுத்தாலும் ஒலியில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

இதைத் தயாரித்த ஆலை இன்று இல்லை. இருப்பில் இருப்பது மட்டும்தான். அதற்கும் போட்டிக்கு ஆள் உண்டு. இந்த ஒலிக்காகவே சிட் சிப்பை வைத்து சின்தசைஸர் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் 'எலெக்ட்ரான்' நிறுவனம் விற்ற 'சிட்ஸ்டேஷன்' அப்படி ஒன்று. மெஷினை ஆயிரம் பேர் தேட, அதன் குரல்வளையை மட்டும் இன்னொரு கூட்டம் தேடுகிறது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து சிட்டை மட்டும் உருவி விற்பவர்களும் உண்டு. வேறு சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் போலிப் பெயர் அச்சடித்து விற்பவர்களும் உண்டு. சிட் போலவே பாடும் நவீன மாற்றுகள் வந்துவிட்டன. காதுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. தெரியும் என்று சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்!

இங்கேதான் இரண்டு கட்சி. பழைய கண்டென்சர், பழைய சிப் என எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓடுவதை நோண்டாதே என்பது மற்றொன்று. கமோடோர் 64 விஷயத்தில் இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் அதிகம். இதன் கண்டென்சர்கள் பொதுவாக நீண்ட ஆயுள் கொண்டவை. நன்றாக இருக்கும் போர்டில் வைக்கும் ஒவ்வொரு சூடும் புதிய ஆபத்து.

இத்தனை பாடு எதற்கு, செல்போனிலேயே அதே கேம்களை ஆடலாமே என்ற கேள்வி நியாயமானது. இலவச எமுலேட்டர்கள் உள்ளன. 2025-ல் கமோடோர் பெயரிலேயே, பழைய உருவத்தில் புதிய மெஷினும் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால், ரிப்பேர் பிரியர்களுக்குக் கேம் முக்கியமல்ல. திறந்தால் புரியும் மெஷின் என்பதுதான் ஈர்ப்பு. ஒவ்வொரு வேலைக்கும் தனி சிப். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, ஒன்றை மட்டும் மாற்றலாம். நிறுவனமே 1982-ல் வெளியிட்ட புரோகிராமர் கையேட்டில், கடைசியில் முழு சர்க்யூட் வரைபடமும் இருந்தது. அதை வைத்துத்தான் இன்றும் பழுது பார்க்கிறார்கள். பசை போட்டு ஒட்டிய இன்றைய செல்போனுக்கு அப்படி ஒரு தாளைக் கடையில் கேட்டுப் பாருங்கள்!

மஞ்சளாகிப்போன மேல்மூடியை வெளுக்க வைக்க, முடிக்கு ப்ளீச் செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைப் பூசி வெயிலில் காயவைக்கும் வழக்கமும் இருக்கிறது. கையுறை அவசியம். சீராகப் பூசாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும். சில வருடங்களில் மஞ்சள் திரும்பியும் வரலாம். நாற்பது வயதுக்கு நாலு நரை இருந்தால்தான் என்ன?

எல்லாம் சரியானால், நீலத் திரையில் 38911 பைட் காலியாக இருக்கிறது என்ற வரியும், கீழே 'ரெடி' என்ற சொல்லும் தோன்றும். வாரக்கணக்கில் கறுப்பையே பார்த்த கண்களுக்கு அது தரிசனம்தான். அடுத்து கேசட். பாட்டு கேட்ட அதே வகை கேசட்டில்தான் புரோகிராமும் பதிவாகியிருக்கும். பிளேயரின் ரப்பர் பெல்ட் தொய்ந்திருந்தால் மாற்றி, ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, 'லோட்' என்று டைப் செய்தால், ப்ளே பட்டனை அழுத்தச் சொல்லித் திரையில் வரி வரும். அழுத்தியதும் எழுத்து எல்லாம் மறைந்து திரை வெறுமையாகும். முதல் முறை பார்ப்பவருக்கு நெஞ்சு ஒரு முறை நின்று துடிக்கும். பதற வேண்டாம். கேசட் படிக்கும்போது இந்த மெஷின் திரையை அணைத்துவிடும். அதன் வடிவமைப்பே அப்படி. திரை கறுப்பாக இல்லாமல் வெளிர் நீலமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.