கிளட்ச் வழுக்குதா? பிரிக்கும் முன் பெடலைப் பாருங்க!

ஆடிப்பட்டத்துக்கு ஒரு மழை கிடைத்திருக்கும். ஈரம் காய்வதற்குள் தென்னைக்கு இடையே ஓட்டிப் பலதானியம் விதைத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துதான் சின்ன டிராக்டர் மக்கர் பண்ணும். இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி இழுக்க மாட்டேங்குது, கூடவே கருகல் வாசம். "கிளட்ச் போயிருச்சுங்க, மொத்தமா மாத்தணும்" என்பார் ஒருவர். "பழைய வண்டிதானே, தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க, லோன் கிடைக்கும்" என்பார் இன்னொருவர்.

கொஞ்சம் பொறுங்கள். கிளட்ச் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது என்றே அர்த்தமில்லை. ஒரு ஸ்பேனரோடு முடிகிற வேலையாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியைப் பிரித்தால் பணமும் போகும், பட்டமும் போகும்.

உள்ளே நடப்பது என்ன?

இன்ஜினோடு சுற்றுவது பிளைவீல். கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். இரண்டையும் ஸ்பிரிங் பலத்தில் சேர்த்து அமுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளும், பிடி விட்டுவிடும்.

பெடலில் கால் இல்லாதபோது பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். அதைத்தான் 'பெடல் ஆட்டம்' என்கிறோம். பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நெருங்கி வரும், ஆட்டம் குறையும். ஆட்டமே இல்லாமல் போனால், யாரோ எந்நேரமும் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது மாதிரிதான். அமுக்கம் குறைந்து பிளேட் வழுக்கும், சூடேறும், கருகும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கேட்பது இதுதான்:

"அண்ணே, பெடல் எவ்வளவு ஆடுது?"

"ஆட்டமா? தொட்டவுடனே கல்லு மாதிரி நிக்குது தம்பி."

"அப்ப பிரிக்காதீங்க. அதைச் சரி பண்ணிட்டுப் பாக்கலாம்."

வீட்டிலேயே செய்யக்கூடியது

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெடலைக் கையால் அழுத்துங்கள். லேசாக இறங்கி ஓரிடத்தில் கனமாகும். அதுவரை இறங்கிய தூரம்தான் ஆட்டம். பல சின்ன டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும்.

குறைவாக இருந்தால், பெடலுக்குக் கீழே உள்ள லிங்க் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடை அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் ஆட்டம் கூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். அளவுக்கு மேல் கூட்டினால் கிளட்ச் முழுசா விடாது; கியர் கரகரக்கும். பெடலின் ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா, தண்டு துருப்பிடித்துப் பெடல் முழுசாக மேலே வராமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஒரு சோதனை. முன்னால் ஆள் இல்லாத இடத்தில், பிரேக்கை நன்றாகப் பிடித்து, மேல் கியர் போட்டு, இன்ஜினை மெதுவான வேகத்தில் வைத்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் இன்னும் வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்; பிளேட் சூடாகும்.

பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் முதலில் வி-பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்தாலும் இதே அறிகுறிதான். மாற்றினால் எல்லா பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எண்ணெய் கசிந்தால்

ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால், கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா பாருங்கள். கருப்பாக இருந்தால் இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கும். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் நாலு நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான். சீலையும் பிளேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால்

இது வண்டியை இரண்டாகப் பிளக்கும் வேலை. அனுபவமுள்ள மெக்கானிக்கோடு மட்டும் செய்யுங்கள். முன் அச்சு நடுவில் ஆடக்கூடியது. இரண்டு பக்கமும் மரக்கட்டை செருகாவிட்டால் முன்பாதி சாய்ந்துவிடும். பக்கத்தில் நின்று இவற்றைக் கவனியுங்கள்: பிளேட் ரிவெட் தலைவரை தேய்ந்திருக்கிறதா? பிளைவீலில் நீலத் திட்டு, வெடிப்பு உண்டா? ரிலீஸ் பேரிங்கை டீசலில் முக்கக் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். பழைய பிளேட்டின் தூசியில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மண்ணும் கிளட்சும்

ஓட்டும்போது பெடல்மேல் கால் வைத்திருப்பதும், அரைக் கிளட்சில் வண்டியை நகர்த்துவதும் பிளேட்டைத் தின்னும். அதைவிட மோசம், இறுகிக் காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கி இழுப்பது. அந்த ஆழ உழவு நம் மண்ணுக்கும் வேண்டாதது. மண்புழுவும் வேரும் போட்ட வழிகளை அது உடைக்கிறது. மூடாக்குப் போட்டு மண் பொலபொலப்பானால் மேலாக ஓட்டினாலே போதும். சுமை குறையும், டீசல் குறையும், கிளட்சும் நீடிக்கும்.

ஒவ்வொரு பட்டத்துக்கு முன்னும் பெடல் ஆட்டத்தை அளந்து, விதைப்புத் தேதி எழுதுகிற நோட்டிலேயே குறித்து வையுங்கள். அந்த எண் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் குறைந்துகொண்டே வந்தால் பிளேட் முடியப்போகிறது என்று அர்த்தம். மழைக்கு முன்பே, கோடை ஓய்வில் மாற்றிக்கொள்ளலாம்.