பால் கேனும் இடுப்பு ஜவ்வும்

வைத்தியநாதசாமி கோயில் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, அவரை விழுந்து கும்பிட முடியாமல் மூன்று மாதம் நின்றவன் நான். கொடிமரத்துக்கு முன்னால் எல்லோரும் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு வலது காலை லேசாகத் தூக்கியபடி நிற்பேன். ஊன்றினால் போதும், புட்டத்தில் கிளம்பி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரைக்கும் காய்ச்சின கம்பியை இழுத்தது மாதிரி இருக்கும். "திருமலை நாயக்கர் வயித்து வலியே இங்க தீந்துச்சுன்னு சொல்றாங்க, உங்க இடுப்பு எம்மாத்திரம்?" என்பாள் வீட்டுக்காரி. சாமியை நம்பினேன், தூணையும் விடவில்லை.

எங்களுக்குத் தொழில் பால்கோவா. விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியில் பால் வந்து இறங்கும். 40 லிட்டர் கேன், பாலோடு தூக்கினால் 45 கிலோவுக்குக் குறையாது. இருபது வருஷமாக ஒற்றை ஆளாக இறக்கியவன். அன்றைக்கும் குனிந்தேன், தூக்கினேன், கேனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பினேன். இடுப்பில் மளுக்கென்றது. பால் கொட்டிவிடக் கூடாதே என்று கேனை விடாமல் பிடித்தேன்.

"வாய்வுப் பிடிப்புதான்" என்று அம்மா பூண்டு உரித்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கும் மச்சான் வந்து பார்த்தார். "பீம் தூக்குற எங்க ஆளுகளுக்கும் இதே கதைதான் மாப்ள. ஜவ்வு விலகியிருக்கும்" என்று ஒருவரிடம் கூட்டிப் போனார். அந்த மனிதர் எண்ணெய் தடவி, குப்புறப் போட்டு, முதுகில் ஏறி மிதித்தார். ராத்திரியே பெருவிரல் மரத்துப்போனது. அப்புறம்தான் மதுரைக்கு வண்டி ஏறினேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தை உடனே பார்க்கவில்லை. முதலில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாக மேலே தூக்கினார். ஒரு முழம் உயர்வதற்குள் கத்திவிட்டேன். பிறகு பெருவிரலைத் தன் கையால் அமுக்கிக்கொண்டு, "இப்ப மேல தூக்குங்க" என்றார். தூக்க முடிந்தது. "பரவாயில்ல, பலம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் படத்தை விளக்கில் மாட்டினார்.

"ஜவ்வு விலகிருச்சா சார்?"

"விலகுறதுக்கு அது என்ன கேரம் காயா? மேல எலும்பு, கீழ எலும்பு, ரெண்டோடயும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். முதுகெலும்புக் கட்டைகளுக்கு இடையே மொத்தம் 23 ஜவ்வுகள். ஒவ்வொன்றும் வெளியே வாழைமட்டை போல அடுக்கடுக்காக நார் வளையம், உள்ளே நுங்கு மாதிரி வழவழப்பு. வயதாக ஆக நாரில் கீறல் விழுகிறது. குனிந்து, பாரம் தூக்கி, திருகினால் கீறல் வழியே நுங்கு பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பைத் தொடுகிறது. நசுக்குவதால் மட்டும் வலிப்பதில்லை. அந்த நுங்கு பட்டாலே நரம்பு வீங்கிச் சிவக்கும். இடுப்பில் கோளாறு, காலில் வலி என்பது அதனால்தான். பெரும்பாலும் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் இது வரும். எனக்கு இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில். ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீர் உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்போமாம். எழுந்த வேகத்தில் குனிந்து பாரம் தூக்குவது அதனால் கூடுதல் ஆபத்து. என் பால் வண்டி வருவதோ சரியாக அந்த நேரத்தில்.

இந்த விஷயம் மருத்துவர்களுக்கே பிடிபட்டது 1934இல்தான். பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரைக்கு முன்னால், அறுவையில் எடுத்த பிதுக்கத்தைக் கட்டி என்றே பலரும் நினைத்தார்கள்.

நான் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். "அதையே பாத்துப் பயப்படாதீங்க" என்றார். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு ஜவ்வு புடைத்திருந்தது. படத்தில் தெரிவதும் காலில் வலிப்பதும் பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

"ஆபரேஷன் வேணுமா?" "இப்ப வேண்டாம்." பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தணிந்துவிடும் என்றார். 2007இல் நெதர்லாந்தில் கால்வலி விடாத 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். படுத்தே கிடப்பதாலும் லாபமில்லை என்று அதே நாட்டில் 1999லேயே பார்த்துவிட்டார்கள்.

ஆனால் விரல் நீட்டிச் சில விஷயங்கள் சொன்னார். ஒன்றுக்குப் போவது நின்றாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்க ஆரம்பித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்று தள்ளக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, அடிபட்ட பிறகு வந்த வலி இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

வலி மாத்திரை கொஞ்ச நாள். தினமும் நடை: முதல் வாரம் வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை, அப்புறம் தெப்பத்தைச் சுற்றி. பிசியோதெரபியில் குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி நெஞ்சைத் தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கால்வலி மேலேறி இடுப்புக்கு வந்தால் நல்ல அறிகுறி என்றார்கள். எனக்கு முதலில் பாதத்தை விட்டது, பிறகு கெண்டையை. வலி எல்லோருக்கும் இப்படியே அடங்கும் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவிலேயே ஊசி போட்டுக்கொண்டவரும் உண்டு, அறுவை செய்து நன்றாக நடப்பவரும் உண்டு.

பதினோராவது வாரம் முட்டியை ஊன்றி, கையை ஊன்றி, கொடிமரத்தடியில் படுத்துக் கும்பிட்டேன். எழும்போதும் அதே வரிசைதான்.

கேன் இன்னும் அதேதான். ஆனால் 20 லிட்டருக்கு மேல் ஊற்ற விடுவதில்லை. "ரெண்டு நடை ஆகுது அண்ணாச்சி" என்று வண்டிக்காரத் தம்பி தினமும் முணுமுணுக்கிறான். அவனுக்கு வயது இருபத்திரண்டு.