படம் ஓடுகிறது, குரல் எங்கே?

தெல்தோட்டையில் ஒரு தோட்டத்து லயன் வீட்டில் அண்மையில் ஓர் இறுவட்டைப் பார்த்தேன். 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் இவர்களின் உறவினர்களும் அடங்குவர். அங்கே வளர்ந்த ஒருவர் 2009இல் காணாமலாக்கப்பட்டார். அதற்கு முன்னர் ஒரு பிறந்தநாள் வீட்டில் அவர் பேசுவதை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்திருக்கிறார்கள். அதைக் கடையொன்றில் கொடுத்து டிவிடியாக்கியபோது படம் மட்டுமே வந்தது. சத்தம் அழிந்துவிட்டதாகக் கடையில் சொன்னார்களாம்.

பெரும்பாலும் சத்தம் அழிவதில்லை. டிவிடிக்கு ஒலி விடயத்தில் கறாரான விதி உண்டு. ஏசி-3, பிசிஎம், எம்பி2 போன்ற சில வடிவங்களையே அது ஏற்கும். அதுவும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் இருக்க வேண்டும். அக்காலக் கைத்தொலைபேசிகளின் 3ஜிபி கோப்புகளிலோ பெரும்பாலும் ஏஎம்ஆர் என்ற ஒலி, 8,000 மாதிரிகளில் இருக்கும். இன்றைய தொலைபேசிகளின் ஏஏசி ஒலியும் டிவிடிக்கு ஆகாது. மாற்றும் மென்பொருளுக்கு அந்த ஒலியைப் படிக்கத் தெரியாவிட்டால், பல வேளைகளில் எச்சரிக்கைகூட இல்லாமல் படத்தை மட்டும் எழுதிவிடும்.

முதலில் வயரைப் பாருங்கள். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. சிரிக்க வேண்டாம், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து மூலக் கோப்பைக் கணினியில் விஎல்சியின் புதிய பதிப்பில் ஓடவிடுங்கள். குரல் கேட்டால் கவலையில்லை. தெல்தோட்டைக் கோப்பில் கேட்டது. 'டூல்ஸ்' பகுதியில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால் ஒலியின் வடிவமும் அளவும் தெரியும். பிறகு டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் ஒலியை 'கொப்பி' என்று விடாமல் ஏசி-3, 48,000 என மாற்றச் சொல்லுங்கள். அதுவும் சரிவராவிட்டால், எஃப்எஃப்எம்பெக் இணைத்த ஒடாசிட்டியில் ஒலியை மட்டும் திறந்து, 48,000 அளவில் வேவ் கோப்பாகச் சேமித்து, படத்துடன் சேர்க்கலாம். பழைய தொலைபேசிப் படங்களின் வேகம் சீராக இராது. ஆகவே உதடும் குரலும் பொருந்துகின்றனவா என்று கடைசி நிமிடம் வரை பாருங்கள்.

மினிடிவி கெமராவில் எடுத்த கலியாண வீட்டுப் படங்களிலும் இதே தொல்லை உண்டு. சில கெமராக்கள் 32,000 அளவில் ஒலியைப் பதிந்தன. அதையும் 48,000க்கு மாற்றியே ஆக வேண்டும்.

ஏஎம்ஆர் குரல் தொலைபேசியில் கேட்பது போலத்தான் இருக்கும். இரைச்சலை நீக்குகிறோம் என்று அதிகம் கைவைத்தால் ஆளின் குரலே மாறிவிடும். கொஞ்சம் கரகரப்போடு இருப்பதே மேல் என்பது என் எண்ணம்.

மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். பதிவான நாளும் நேரமும் அதற்குள்தான் இருக்கக்கூடும். டிவிடிக்கு மாற்றும்போது அவை போய்விடும். காணாமற்போனோர் பற்றிய முறைப்பாட்டோடு காணொளியைக் கொடுப்பதானால், மூலக் கோப்பின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அன்றி 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு சுருங்காது. ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.