மூடியைத் திறக்குமுன்: பழைய மடிக்கணினிக்கு நாமே நினைவகம் சேர்க்கலாமா?



சூரியநெல்லியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதை ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து மூணாறு நோக்கிப் போகையில், சின்னக்கானல் அருகே பிரியும் வழியில் இருக்கிற தேயிலை ஊர் அது. கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் ஜீப் ஏறுவது அங்கேதான். மாவட்டம் இடுக்கி, மாநிலம் கேரளம். லயங்களில் ஒலிப்பதோ தமிழ். அங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் போடியிலும் தேனியிலும் தங்கிப் படித்து, பிறகு கோயம்புத்தூர், திருப்பூர், கொச்சி, பெங்களூரு என்று பிழைப்பைத் தேடிப் போனவர்கள். அடியேனும் அவ்விதம் மலையிறங்கியவன்தான்.

என் சித்தி அங்கே கொழுந்து பறித்தவர். அவருடைய மகன் போடியில் மேல்நிலைப் படிப்பை முடித்தபோது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி கைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதனால் மடிக்கணினி பெற்றார்கள். வீட்டில் தொலைக்காட்சியைத் தவிர வேறு திரை இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நினைவகம், அதாவது ராம், 2 ஜிபி மட்டுமே. அன்றைக்கு அது போதுமானதாயிருந்தது.

2017-இல் தம்பி கல்லூரி இறுதியாண்டில் இருந்தான். கணினியைத் திறந்தால் ஒரு பக்கம் வருவதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலை. நகரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, நினைவகம் சேர்க்க 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள். இல்லையேல் புதியது வாங்குவதே உத்தமம் என்றும் சொன்னார்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு வாடகை உண்டு, உத்தரவாதம் தர வேண்டியதும் உண்டு. ஆனால் அதே 4 ஜிபி துண்டின் விலையைத் தனியாக விசாரித்தபோது 2,300 ரூபாய்தான். மீதி 2,200 ரூபாய். மூணாறில் தோட்டப் பெண்கள் வீதியில் அமர்ந்து போராடிய 2015-ஆம் ஆண்டில்தான் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 2,200 ரூபாய் என்பது சித்தியின் ஏழு நாள் கூலிக்கும் சற்று அதிகம். ஏழு நாள் என்றால் மழையிலும் அட்டைக்கடியிலும் ஏழு நாள். ஆகவே நாமே செய்வோம் என்று தீர்மானித்தோம்.

நினைவகம் என்ன செய்கிறது என்பதைத் தோட்டத்து வழக்கத்திலேயே சொல்லலாம். கொழுந்து பறிக்கிறவரிடம் சிறிய கூடை இருந்தால், அது நிரம்பும்போதெல்லாம் எடை போடும் இடத்துக்கு ஓடவேண்டும். பறிக்கும் நேரத்தைக் காட்டிலும் ஓடும் நேரமே அதிகமாகும். நினைவகம் என்பது அந்தக் கூடை. அது நிறைந்துவிட்டால் கணினி மீதியை வன்தட்டில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போது மறுபடியும் எடுத்துவருகிறது. வன்தட்டின் விளக்கு ஓயாமல் மின்னுவதும் சுட்டி நகராமல் நிற்பதும் அந்த ஓட்டத்தின் அடையாளங்கள்.

ஆனால் எல்லா மந்தத்துக்கும் காரணம் கூடையல்ல. இதை முதலில் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு அதிலே நினைவகத்தின் அளவைப் பாருங்கள். 85, 90 சதவிகிதத்தில் நின்றால் நினைவகம் போதவில்லை. 50 சதவிகிதத்திலேயே நின்றும் கணினி தள்ளாடினால், பழைய சுழலும் வன்தட்டே காரணமாயிருக்கலாம். அப்போது நினைவகத்துக்குச் செலவழிப்பது வீண். எஸ்எஸ்டி போடுவதே பலன் தரும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அதே பக்கத்தில், எத்தனை செருகிடங்கள் உண்டு, எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் பெரும்பாலும் தெரியும்.

நாங்கள் தவறியது வேறோரிடத்தில். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றாலும் மிகையாகாது.

மடிக்கணினியைத் திருப்பி, அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, ஏற்கெனவே இருந்த துண்டின் மேல் ஒட்டிய சீட்டை வாசித்தோம். 2ஜிபி, பிசி3எல்-12800எஸ் என்றிருந்தது. பிசி3 என்றால் டிடிஆர்3 வகை. எல் என்ற எழுத்து 1.35 வோல்ட்டில் ஓடும் என்பதன் குறி. எஸ் என்றால் மடிக்கணினிக்குரிய சிறிய அளவு. இந்தச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. டிடிஆர்3 துண்டுக்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. பலவந்தம்பண்ணி ஏற்றினால் செருகிடமே உடையும்.

மின்கம்பியை அகற்றி, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, ஒரு இரும்பு அலமாரியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டோம். சூரியநெல்லியின் மூடுபனி ஈரத்தில் நிலைமின்சாரம் அதிகம் சேராது. நகரத்துக் குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில்தான் எச்சரிக்கை தேவை. பொன்முலாம் பூசிய முனைகளைத் தொடாமல், துண்டைச் சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அழுத்த வேண்டும். இருபுறத்துக் கொக்கிகளும் 'டக்' என்று பிடித்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு முதல் தடவை ஒருபுறம் மட்டுமே பிடித்திருக்கிறது. கணினியை இயக்கினால் திரை கறுப்பு! தம்பியின் முகம் அதைவிடக் கறுத்தது. "அண்ணே, இருந்ததும் போச்சே" என்றான். மறுபடியும் கழற்றி, துணியால் துடைத்து, ஒழுங்காகச் செருகியபின் ஒளி வந்தது. மலையில் மழைக்காலம் முழுதும் கிடந்த கணினி ஒருநாள் திடீரென்று கறுப்புத் திரை காட்டினால், புதியது வாங்குமுன் இவ்விதம் ஒருமுறை கழற்றிச் செருகிப் பாருங்கள். சில சமயம் அதுவே போதும்.

ஒளி வந்தது, ஆனால் வேகம் வரவில்லை. பார்த்தால், 6 ஜிபி பொருத்தப்பட்டிருக்கிறது, 2 ஜிபி மட்டுமே பயன்படுத்தக்கூடியது என்று விண்டோஸ் காட்டியது. 2,300 ரூபாய் தண்ணீரில் போயிற்றே என்று இரவு முழுவதும் உறக்கமில்லை. காரணம் மறுநாள்தான் விளங்கிற்று. தம்பியின் கணினியில் இருந்தது விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு செருகினாலும் அது எடுத்துக்கொள்ளாது. பொதுவாக 32 பிட் விண்டோஸுக்கும் 4 ஜிபி என்ற வரம்பு உண்டு. இதை வாங்குமுன் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை அநேகர் ஒருநாளும் திறந்ததில்லை. தம்பி வேறொரு 64 பிட் லினக்ஸை இலவசமாக இறக்கி நிறுவினான். 6 ஜிபியும் முழுமையாகக் கணக்கில் வந்தது. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை அதிலேதான் எழுதி முடித்தான். 2020-இல் வகுப்புகளெல்லாம் திரைக்கு வந்தபோது, லயத்திலிருந்த அவன் தங்கைக்கும் அதே கணினி உதவியது. சமிக்ஞை கிடைக்கிற மேட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இன்றைக்கு இதே வேலையில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சற்று மாறியிருக்கின்றன. 2012-இல் ஆப்பிள் நிறுவனம் ரெட்டினா திரையுள்ள மேக்புக் ப்ரோவில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விற்றது. அதற்குப்பின் மெல்லிய மடிக்கணினிகள் பலவும் அந்த வழியிலே போயின. விவரச் சீட்டில் எல்பிடிடிஆர் என்றிருந்தால், பெரும்பாலும் அது பற்றவைத்ததே; நீங்கள் திறப்பதால் பயனில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன், "செருகிடம் காலியாக உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினியானால், மூடியைத் திறப்பதைப்பற்றி அதன் சீட்டு என்ன சொல்கிறது என்றும் வாசியுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. அதற்கு 8 ஜிபி இருந்தால் தாராளம். ஆராதனையில் பாடல்களைத் திரையில் காட்டும் சபைக் கணினிக்கு 4 ஜிபியே போதும்.

விலையைப் பற்றியும் ஒன்று. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத்தை உருவாக்குவதில் தொழிற்சாலைகள் முனைந்ததால், 2025-இன் கடைசி மாதங்களில் சாதாரணத் துண்டுகளின் விலை மளமளவென்று ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய துண்டுகளை விசாரிப்பதில் வெட்கமில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் அவை கிடைக்கும். கடையிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதி வாங்குங்கள்.

தம்பி இப்போது பெங்களூருவில் வேலையிலிருக்கிறான். அந்தக் கணினி சூரியநெல்லியில் சித்தி வீட்டு அலமாரியின்மேல், தேயிலைப் பையொன்றில் சுற்றப்பட்டு இருக்கிறது. போன விடுமுறையில் இயக்கிப் பார்த்தேன். மின்கலம் செத்துவிட்டது; கம்பியைச் சொருகினால் ஓடுகிறது.