குரைப்புக்குக் கூலி கொடுப்பது யார்?

வாசலில் ஓயாமல் குரைக்கும் நாயைப் பற்றிக் கேட்டால், ‘அதுக்குக் கொழுப்பு’ என்பார் வீட்டுக்காரர். ‘வளர்த்த லட்சணம்’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பாளையங்கோட்டை மகாராஜநகர், தியாகராஜநகர் போன்ற குடியிருப்புகளில் காலை வேளையில் நடப்பதை நாயின் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். தெருமுனையில் பால்காரர் பைக் திரும்புகிறது. கேட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்கிறது. பைக் போய்விடுகிறது. அடுத்து பேப்பர் போடும் பையன், பிறகு கீரைக்காரம்மா, அப்புறம் பள்ளிக்கூட வேன். எல்லாரும் வருகிறார்கள், நாய் குரைக்கிறது, போய்விடுகிறார்கள். அவரவர் சோலியைப் பார்த்துத்தான் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கோ, தான் விரட்டியதால்தான் போனார்கள் என்பது. கேட்டதைக் கொடுக்கும் செயலை எந்த உயிரும் திரும்பச் செய்யும். ஒவ்வொரு காலையும் இப்படிக் கூலி கிடைத்துக்கொண்டே இருக்கிறவரை, எந்தப் பயிற்சியும் நாயிடம் எடுபடாது. ஆகவே திருத்த வேண்டிய இடம் நாயின் தொண்டை அல்ல. அதைக் கட்டியிருக்கும் இடமும் அதன் பகல் பொழுதும்.

எல்லாக் குரைப்பும் இந்த வகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பீட்டர் பொங்ராட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ‘மூடி’ என்ற மேய்ச்சல் நாய்களின் குரைப்பை வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவு செய்து, ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியரைக் கண்டு குரைத்ததா, தனியே விடப்பட்டதால் குரைத்ததா, விளையாட்டில் குரைத்ததா என்று நாயே வளர்க்காதவர்கள்கூட ஓரளவு சரியாகச் சொன்னார்கள். 2005-ல் வெளியான ஆய்வு இது. தடித்த குரலில் அடுக்கடுக்காக வந்தால் எச்சரிக்கை. கீச்சென்று, விட்டு விட்டு வந்தால் தனிமை. தனிமையில் கத்தும் நாய்க்கு, தெரு தெரியாதபடி கேட்டை மறைத்துப் பயனில்லை, அதற்கு ஆள்துணைதான் மருந்து. வயதான நாய் திடீரென்று காரணமில்லாமல் குரைக்கத் தொடங்கினால் வலியோ, காது மந்தமோ, மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம். பயிற்சியை ஆரம்பிப்பதற்கு முன்னால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து மருந்தகத்திலோ ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

நெல்லைச் சீமையில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் இந்தக் கரிசல் காட்டு நாய்கள். ஒல்லி உடம்பு, ஆழ்ந்த நெஞ்சுக்கூடு, நீண்ட கால்கள்: தூரத்தில் ஓடும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்க வளர்த்தெடுத்த உடல்வாகு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வேட்டை குற்றமாகிவிட்டது, ஆகவும் வேண்டியதுதான். ஆனால் வேலை போய்விட்டது, வேலைக்கான உடம்பும் கண்ணும் அப்படியே இருக்கின்றன. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் 2020-ல் தனி இனங்களாகத் தேசிய அளவில் பதிவு செய்த பிறகு, அவற்றை வாங்கி வளர்ப்பது பெருமையும் ஆகியிருக்கிறது. அந்தப் பெருமையை நான்கடிச் சங்கிலியில், தெரு முழுவதும் தெரிகிற கம்பி கேட்டுக்குப் பின்னால் கட்டி வைத்தால் என்ன நடக்கும்? அசைகிறது எல்லாம் கண்ணில் படும், எட்ட முடியாது. அந்த எரிச்சல்தான் குரைப்பாக வெளியே வருகிறது. இது வெறும் அனுதாபப் பேச்சு அல்ல. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பதினொன்றாம் பிரிவில், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நியாயமான அளவு நடக்க, ஓட விடாமல் இருப்பதையும் அதே பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. அறுபது வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கும் வாசகம், எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்?

கூலியை நிறுத்துவதில் முதல் வேலை கண்மறைப்பு. கேட்டின் கீழ்ப்பாதியில் தகரமோ பச்சை வலையோ அடித்தால், அல்லது நாயைக் கட்டும் இடத்தைப் புறவாசலுக்கு மாற்றினால், பாதித் தொல்லை அன்றைக்கே குறையலாம். இரண்டாவது வேலைக்குப் பொறுமை வேண்டும். நாய் குரைக்கத் தொடங்குவதற்கு ஓரிரு நொடி முன்பு ஒரு அடையாளம் காட்டும்: காது நிமிரும், திறந்திருந்த வாய் மூடும், கழுத்து ஒரே பக்கமாக நீளும். அந்த நொடியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்ததும் அவித்த கோழி ஈரலில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு கொடுக்க வேண்டும். குரைத்த பிறகு கூப்பிட்டுக் கொடுத்தால் குரைப்புக்குக் கொடுத்ததாகவும் ஆகிவிடலாம். தூரம் இங்கே முக்கியம். பத்தடியில் பைக் போகும்போது நாய்க்கு ஈரலும் தெரியாது, எஜமானரும் தெரியார். தெருமுனையில் போகிற பைக்கில் ஆரம்பித்து, அங்கே அமைதியாக இருக்கப் பழகிய பிறகுதான் பத்தடி பத்தடியாகக் கிட்டே வர வேண்டும். ‘சும்மா இரு’ என்ற சொல்லையும் நாய் ஏற்கெனவே வாய்மூடி நிற்கிற நேரத்தில் சொல்லிச் சொல்லித்தான் பழக்க முடியும். மூன்றாவது, நடை. வெயில் ஏறுமுன் வயல் வரப்பிலோ ஆற்றங்கரையிலோ அரைமணி நேரம், அது மோந்து பார்க்க நினைக்கிற இடத்தில் எல்லாம் நின்று நின்று போகிற நடை. தெருநாய்க் கூட்டம் இருக்கையில் எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. கூட்டம் படுத்துக் கிடக்கும் மூலையைத் தவிர்த்து வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதுதான். அதுவும் முடியாத நாளில் வீட்டு மாடியில் தீனியை ஒளித்து வைத்துத் தேடவிடலாம். மூக்குக்கு வேலை கிடைத்தாலே நாய் அசந்துவிடும்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம், ஒரு அதட்டல், மிஞ்சினால் ஒரு கம்பு போதாதா என்பார்கள். ‘ஏய், சும்மா கெட’ என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கத்தும்போது, நாய்க்குக் கேட்பது இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது என்பதாகவே இருக்கலாம்; அதட்ட அதட்டக் குரைப்பு ஏறுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அடி கொஞ்ச நேரம் வாயை அடைக்கும், உண்மைதான். ஆனால் அடியின் வலியை நாய் எதனோடு முடிச்சுப் போடுகிறது என்பது நம் கையில் இல்லை. கீரைக்காரம்மா வரும்போதெல்லாம் அடி விழுந்தால், கீரைக்காரம்மாவே ஆபத்து என்று அது முடிவு கட்டலாம். அப்புறம் குரைக்காமல் நேரே பாயும். கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டைகளின் சங்கதியும் இதேதான், விலை மட்டும் அதிகம். வேல்ஸ் நாடு 2010-லேயே அவற்றைத் தடை செய்துவிட்டது. குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கும் என்பவர்களும் உண்டு. சோற்றுக்கும் கவனிப்புக்கும் கத்தும் நாய்க்கு அது பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு: அடங்குவதற்கு முன்னால் குரைப்பு ஒருமுறை உச்சத்துக்கு ஏறக்கூடும். அந்த உச்சத்தில் மனம் இரங்கிக் கதவைத் திறந்தால், இவ்வளவு கத்தினால்தான் கதவு திறக்கும் என்பதை நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். கேட்டில் நின்று தெருவை விரட்டும் நாய்க்கோ இந்த வழி உதவாது. அதற்குக் கூலி கொடுப்பது நாமல்ல, தெரு.

காவலுக்குத்தானே நாய், குரைக்காத நாய் எதற்கு என்பது கடைசி வாதம், வலுவான வாதமும்கூட. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு என்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலையடிவார ஊர்களில், சிறுத்தையோ காட்டுப்பன்றியோ வந்தால் முதலில் சேதி சொல்வது நாய்தான். 2024 மே மாதம் பாபநாசம் பக்கத்து வேம்பையாபுரத்தில் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்தது; அந்த ஊர்க்காரர்களிடம் போய், நாயை ஊமையாக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கேட்பது அதுவல்ல. பால்காரருக்கும் பள்ளி வேனுக்கும் காற்றில் ஆடும் வாழை இலைக்கும் ஒரே மாதிரி குரைக்கும் நாய், சிறுத்தைக்கும் அதே மாதிரி குரைக்கும். வீட்டார் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அன்றாடம் வருபவர்களுக்குச் சும்மா இருக்கப் பழகிய நாய் நடுராத்திரியில் குரைத்தால்தான் எழுந்து விளக்குப் போடத் தோன்றும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியையும் இந்த இடத்தில் நம்பிவிடக் கூடாது. பயத்தில் குரைக்கும் நாய், ஒதுங்க இடமில்லாமல் கட்டிக் கிடந்தால் கடிக்கும். மலையடிவாரத்தில் அந்தச் சங்கிலிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு: சிறுத்தைக்கு நாய் ஒரு இரை, கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது. அங்கெல்லாம் பொழுது சாய்ந்ததும் நாயை வாசலில் இருந்து அவிழ்த்து, கதவுள்ள தொழுவத்துக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுபோய் விடுவதுதான் சரி. உள்ளே இருந்தாலும் அதன் காது மலைப்பக்கம்தான் இருக்கும்.