எளிது என்று சொல்வது யார்?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கம் நடத்திய சதுரங்கப் புதிர்ப் போட்டிக்கு வினா அமைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒரு புதிரின் தலையில் ‘எளிது’ என்று எழுதி வைத்தேன். பலகையில் நான்கே காய்கள், எளிதல்லாமல் வேறென்ன? ஆனால் அதற்கு விடை கண்டவர் ஒருவரும் இலர். “எளியதே எனக்கு வரவில்லை, மற்றவை எதற்கு?” என்று முதலாண்டு நண்பர் ஒருவர் எழுந்து போய்விட்டார். பிழை அவருடையதன்று, என்னுடையது.

அப்புதிர், ஆட்ட மேதை ரிச்சர்டு ரேட்டி 1921இல் அமைத்தது. வெள்ளை ராஜா எச் 8இல். வெள்ளைச் சிப்பாய் சி 6இல். கறுப்பு ராஜா ஏ 6இல்; கறுப்புச் சிப்பாய் எச் 5இல். வெள்ளை முதலில் ஆடி, ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். கறுப்புச் சிப்பாயை நேரே துரத்தினால் இரண்டு நகர்த்தல் பிந்திவிடுவோம். நம் சிப்பாய்க்குத் துணை போகவோ தொலைவு. ஆனால் ராஜா ஜி 7, எஃப் 6, இ 5 என்று மூலைவாக்கில் நடந்தால் இரண்டு இலக்கையும் ஒருசேர நெருங்குவான். கறுப்பு ராஜா நம் சிப்பாயை வெட்டப் பொழுது செலவிட்டால், அவன் சிப்பாயைப் பிடித்துவிடலாம். அச்சிப்பாய் ஓடினாலோ, நம் சிப்பாய்க்குத் துணை கிடைக்கும். இரு பக்கமும் ராணி பிறக்கும்.

காகிதத்தில் மூலைவழி நீளம். பலகையில் ராஜாவுக்கு மூலைவாக்கில் வைக்கும் அடியும் ஓர் அடி, நேரே வைக்கும் அடியும் ஓர் அடி. கண் இதை நம்ப மறுக்கிறது. கடினம் அங்கேதான் இருக்கிறது. காய்களின் தொகையில் அன்று. விடை தெரிந்த எனக்கோ அந்த மறுப்பு மறந்தே போயிற்று. கணிப்பொறியும் நல்ல நடுவரன்று. ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு விடைகள் முன்பே கணக்கிட்டு வைக்கப்பட்டுள்ளன. அதற்குத் தயக்கம் ஏது?

அப்படியானால் அளப்பது எப்படி? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஈலோ, ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் குறிக்க ஒரு முறை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970இல் ஏற்றது. 200 புள்ளி மிகுந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என்பது அதன் கணக்கு. புள்ளியியலறிஞர் மார்க் கிளிக்மன் இவ்வழியைச் செம்மைப்படுத்தி, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதையும் உடன் அளந்தார்.

லிசெஸ் இணையதளம் கிளிக்மன் முறையைப் புதிர்களுக்கும் கொண்டுவந்தது. அங்கே புதிரும் ஓர் ஆட்டக்காரர்! நாம் விடை கண்டால் புதிர் தோற்கிறது. அதன் எண் இறங்கும். நாம் தவறினால் அது வென்று ஏறும். முயன்றவர் தொகை பெருகப் பெருக அந்த எண் நிலைபெறும். கடினத்தைத் தீர்மானிப்பவர் அமைத்தவர் அல்லர், முயன்றவர்களே.

ஆயினும் அந்த எண் பலருக்குப் பொதுவானது. ஒருவர் கண்ணில் உடனே படுவது மற்றவருக்கு மறைந்திருக்கும். ‘இங்கே ஒரு விடை உண்டு’ என்று புதிர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உண்மை ஆட்டத்தில் அப்படிச் சொல்வார் எவருமில்லை. ஆகவே புதிரின் எண்ணால் ஒருவர் அறிவை எடை போடுதல் தகாது.

அடுத்த போட்டியில் ‘எளிது’ என்று எழுதமாட்டேன். முயன்றவர் எத்தனை பேர், விடை கண்டவர் எத்தனை பேர் என்று மட்டுமே எழுதுவேன். எழுந்து போன நண்பரே, உங்கள் இருக்கை காத்திருக்கிறது; வாருங்கள்!