கடன் கொப்பியிலிருந்து கணனிக்கு

"கணனி படிக்கிறாள்" என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால், கடிதம் ரைப் பண்ணவும் படம் கீறவும் பழகுகிறாள் என்றுதான் எங்கள் ஊர்களில் இன்றும் பலர் நினைக்கிறார்கள். அதுவும் நல்ல பயிற்சிதான். ஆனால் வர்த்தக மென்பொருள் ஆக்கம் என்பது வேறு. கடையொன்றின் இருப்புக் கணக்கு, தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல், வைத்தியசாலையின் நோயாளர் பதிவு, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு ஆகியவற்றை ஒழுங்காகச் செய்யும்படி கணனிக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும் வேலை அது. கணனி தானாக எதையும் அறியாது. ஊழியரின் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிக்க வேண்டும், தொழில்கொள்வோர் 12 வீதம் சேர்க்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் அதற்கு எழுதிக் கொடுத்தால்தான் அது அப்படிச் செய்யும். அந்த எழுதுகின்ற ஆளாக வருவதற்கு உயர் டிப்ளோமா மட்டத்தில் நான் கற்ற கதையை, உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ தங்கையோ இருப்பாள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அம்மா எடுத்த முடிவு

க.பொ.த. உயர்தரத்தில் நான் வர்த்தகப் பிரிவு. பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. அப்பா காலமாகிச் சில வருடங்கள். அம்மாவின் தையல் இயந்திரம் ஓடினால்தான் அடுப்பு எரியும். அந்த நேரத்தில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு புடைவைக் கடையில் காசாளர் வேலை வந்தது. கையில் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வருடக்கணக்காகப் படிப்பதா என்பது சாதாரண கேள்வியல்ல. எனக்குப் பின்னால் தம்பி ஒருவனும் இருந்தான்.

அரச உயர் தொழினுட்ப நிறுவகங்களில் முழுநேர மாணவருக்குப் பாடநெறிக் கட்டணம் இல்லை என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் சொன்னார். பஸ் காசும் சாப்பாடும்தான் செலவு. அம்மா ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு, "கிழமைக்கு ரெண்டு சட்டை கூடத் தைச்சால் பஸ் காசு வரும். கடை வேலை பிறகும் கிடைக்கும். இந்த வயது பிறகு கிடையாது. நீ போய்ப் படி, பிள்ளை" என்றார். 2019 இல் சேர்ந்தேன்.

பேரேடு தெரிந்தவளுக்கு இடமுண்டு

கணனிப் படிப்பு கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் சில மாதங்கள் கடினம்தான். விரிவுரைகள் ஆங்கிலத்தில். நிகழ்ச்சிநிரல் எழுதும் பாடத்தில் கணிதப் பிள்ளைகள் முன்னுக்கு ஓடினார்கள். ஆனால் கணக்கீட்டுப் பாடம் வந்ததும் நிலைமை மாறியது. பற்று எது, வரவு எது, ஒரு கொடுக்கல் வாங்கல் ஏன் இரண்டு இடத்தில் பதியப்பட வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்த விடயம். நான் அவர்களுக்குப் பேரேடு விளக்கினேன். அவர்கள் எனக்கு நிகழ்ச்சிநிரல் விளக்கினார்கள். வர்த்தக மென்பொருளுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

அங்கே கற்றவற்றில் இரண்டைச் சொன்னால் இந்தப் படிப்பின் தன்மை உங்களுக்குப் புரியும்.

ஒன்று, தரவுத்தளம். சங்கமொன்றின் அங்கத்தவர் பெயரும் முகவரியும் சேமிப்புக் கொப்பியிலும் கடன் கொப்பியிலும் கூட்ட வரவுக் கொப்பியிலும் இருக்கும். அவர் வீடு மாறினால் ஒரு கொப்பியில் திருத்துவார்கள், மற்ற இரண்டிலும் பழையதே கிடக்கும். ஒரு தகவல் ஒரே இடத்தில் மட்டும் இருக்க வேண்டும், மற்ற இடங்கள் அதைச் சுட்டிக்காட்டினால் போதும் என்பது தரவுத்தளத்தின் அடிப்படை. இதற்கு வழி வகுத்த கட்டுரையை எட்கார் கொட் என்ற அறிஞர் 1970 இல் வெளியிட்டார்.

இரண்டாவது, காசுக் கணக்கு. கணனிக்கு 0 உம் 1 உம் மாத்திரமே தெரியும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் 0.333 என்று முடிவில்லாமல் போகுமல்லவா? அதேபோலப் பத்தில் ஒன்றை அந்த இரண்டு இலக்கங்களில் முடித்து எழுத முடியாது. ஆகவே சாதாரண முறையில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் விடை சரியாக 0.3 ஆக வராமல் மிகச் சிறிய மிச்சத்துடன் வரும். விரிவுரையாளர் இதைத் திரையில் காட்டியபோது வகுப்பே சிரித்தது. "ஆயிரம் பேருடைய கணக்கில் இந்த மிச்சம் சேர்ந்தால் சிரிக்க மாட்டீர்கள்" என்றார் அவர். அதனால்தான் காசைச் சதக் கணக்கில் முழு எண்ணாகவோ, தசமத்துக்கென்றே உள்ள வகையிலோ சேமிக்க வேண்டும் என்று பழக்கினார்கள்.

முன்னே நடந்த பெண்கள்

இது ஆண்களின் துறை என்று எவராவது சொன்னால் வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். உலகில் வர்த்தக வேலைக்கென முதன்முதல் இயங்கிய கணனி, இங்கிலாந்தில் தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனத்தின் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரி உற்பத்திப் பெறுமதியைக் கணித்தது. அடுத்த வருடமே அதற்கு நிகழ்ச்சிநிரல் எழுதச் சேர்ந்தவர் மேரி கூம்ஸ் என்ற பெண். வர்த்தகக் கணனியில் பணியாற்றிய முதற் பெண் நிரலாளராக அவரைச் சொல்கிறார்கள். 2022 இல் தமது 93 ஆவது வயதில் காலமானார். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிறேஸ் ஹொப்பர், வியாபாரக் கணக்கை ஆங்கிலச் சொற்களால் எழுதலாம் என்று காட்டினார். அவர் உருவாக்கிய மொழியைத் தழுவியே 1959 இல் கோபோல் மொழிக்கான வேலை தொடங்கியது. இன்றும் பல வங்கிகளின் பழைய கணக்குகள் கோபோலில் ஓடுகின்றன.

கொரோனாவும் மின்வெட்டும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வகுப்புகள் கைத்தொலைபேசிக்குள் வந்தன. எங்கள் வீட்டில் கிணற்றடியில்தான் சிக்னல் கிடைக்கும். தொட்டிக் கட்டில் இருந்து விரிவுரை கேட்டேன். மடிகணனி இல்லாத நாட்களில் நிகழ்ச்சிநிரலைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு வரியாக நானே கணனி போல ஓட்டிப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்றும் உதவுகிறது. பிறகு 2022 நெருக்கடி. மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. விடியப்புறம் மின்சாரம் வரும் நேரத்துக்கு எழும்பி வேலை செய்தோம். இடையில் விட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் அடுப்பு எரியாதபோது படிப்பு எப்படி ஏறும்?

பெரியம்மா கேட்ட கேள்வி

இறுதிச் செயற்றிட்டத்துக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தின் உண்மையான தேவைக்கு மென்பொருள் ஆக்கிக் கொடுக்க வேண்டும். நான் எங்கள் ஊர்ப் பெண்களின் சிறிய சேமிப்பு, கடன் சங்கமொன்றைத் தெரிவு செய்தேன். செயலாளர் அக்கா மூன்று தடித்த கொப்பிகளைத் தந்தார்.

கணனிக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் கணக்கு முறையை ஒரு சொல்லும் தவறாமல் எழுத வேண்டும். அங்கேதான் விடயம் வெளிவந்தது. சங்கத்தின் வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபா. 50,000 ரூபா கடன், பத்து மாதத் தவணை. முதலில் மாதம் 5,000, வட்டி மாதம் 500. பத்து மாதத்தில் வட்டி 5,000 ரூபா. ஆனால் இரண்டாம் மாதம் கடன்காரியின் கையில் இருப்பது 45,000 தானே? பத்தாம் மாதம் 5,000 தானே? மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி என்றால் 500, 450, 400 என்று குறைந்து கடைசி மாதம் 50 ரூபா. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 2,750. முதலாவது முறையை மாறா வட்டி என்றும் இரண்டாவதைக் குறையும் மீதி வட்டி என்றும் சொல்வார்கள்.

இரண்டு அட்டவணைகளையும் அச்சிட்டு நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மூத்த அங்கத்தவர் ஒருவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுபவர், கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "அப்ப பிள்ளை, நான் கட்டி முடிச்ச காசுக்கும் சேர்த்தெல்லோ இவ்வளவு காலமும் வட்டி கட்டிக்கொண்டு வந்தனான்?" என்று கேட்டார். கூட்டம் அமைதியானது.

எவரும் ஏமாற்றவில்லை. கொப்பியில் எழுதச் சுலபம் என்று யாரோ தொடங்கிய முறை அது. ஆனால் பொருளாளர் அக்காவின் நியாயமும் நியாயமே. "வட்டி அரைவாசியாகக் குறைஞ்சால் சேமிப்புக்கு என்னத்தைக் குடுக்கிறது? கணக்காய்வுச் செலவு, வராக்கடன், எல்லாத்துக்கும் எங்கை போறது?" என்றார். நான் அடுத்த கூட்டத்துக்கு வேறு வேறு வீதங்களில் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். மென்பொருள் தயாராக இருந்ததால் அது சில நிமிட வேலைதான். கடைசியில் பொதுக்கூட்டம், புதிய கடன்களுக்கு மிச்சக் கடனில் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபா என்று தீர்மானித்தது. 50,000 ரூபாவுக்கு மொத்த வட்டி 4,125. சொல்லும் வீதம் ஒன்றிலிருந்து ஒன்றரையாகக் கூடியது, கட்டும் வட்டி 875 ரூபாவால் குறைந்தது. முந்திக் கட்டி முடித்தால் இன்னும் குறையும். வீதத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கக் கூடாது என்பதை அன்று எல்லோரும் கண்ணால் கண்டோம்.

சங்கத்தில் இது 875 ரூபா. வெளியில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 24 வீத மாறா வட்டியில் 12 மாதத்துக்கு எடுத்தால் வட்டி 24,000. அதே 24 வீதம் குறையும் மீதியில், முதலைச் சம தவணையாகக் கட்டினால் 13,000. நுண்கடன் வடக்கு கிழக்குப் பெண்களை எவ்வளவு வாட்டியது என்பது நாங்கள் அறிந்ததே. 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை கட்ட முடியாமற்போன பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி, கிராமத்தில் ஒரு குடும்பத்தின் சோறு என்பதை நான் அந்தச் செயற்றிட்டத்தில்தான் படித்தேன்.

இன்னும் சில விடயங்களை அக்காமார் சொல்லித்தான் சேர்த்தேன். பற்றுச்சீட்டு தமிழில் வர வேண்டும் என்றார்கள். பாமினி எழுத்துருவில் பதிந்தால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளே, தேடும்போது சிக்கல் வரும். ஆகவே யுனிகோட்டில் செய்தேன். மின்வெட்டுக் காலமாகையால் மாதமொருமுறை முழுப் பேரேட்டையும் அச்சிட்டுக் கோவையில் வைக்கும் வசதியும் கேட்டார்கள். விரிவுரையாளர் பாராட்டியது அதைத்தான்.

படிக்க விரும்புவோருக்கு

நான் இப்போது யாழ்ப்பாணத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். தம்பி படிக்கிறான். அம்மா இன்னும் தைக்கிறார், ஆனால் இரவில் இல்லை.

வழிகள் பல உண்டு. 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கீழ் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, சம்மாந்துறை ஆகிய இடங்களில் நிறுவகங்கள் இருக்கின்றன. எந்தப் பாடநெறி எங்கே, என்ன தகைமை என்பதை அந்த வருட விண்ணப்ப அறிவித்தலில் பாருங்கள். வீட்டிலிருந்து படிப்போருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு முதல் நடத்தும் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டப் பரீட்சைகள் உண்டு. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள், ஏழு பட்டத்துக்குச் சமம். கீழ் மட்டத்தில் தொடங்கி ஏறலாம்.

தனியார் நிலையத்தில் பணம் கட்டுமுன், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, சான்றிதழை வழங்குவது யார், செயற்றிட்டமும் தொழிற்பயிற்சியும் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். நாளுக்குப் பத்துச் சொல் எழுதிப் பழகினால் ஒரு தவணைக்குள் விரிவுரை விளங்கத் தொடங்கும்.

படிக்கும் வயது கடந்துவிட்டது என்று நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வேன். கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். வட்டி எந்தத் தொகைக்கு, முழுக் கடனுக்கா மிச்சக் கடனுக்கா? பத்திரத்திலுள்ள எல்லாத் தவணையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? அந்த விடையை எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கணனி வேண்டியதில்லை, ஒரு பென்சில் போதும்.